வைசியாள் வீதியின் தாழ்வாரங்கள்

சித்திரை மாத நண்பகல். புதுச்சேரி மிஷன் வீதியின் இரைச்சலை விட்டு வைசியாள் வீதிக்குள் திரும்பினேன். பத்தடி நடந்ததும் குடையை மடக்கிவிட்டேன். வீட்டு வாசல்களுக்கு முன்னால் மரத்தூண்கள் வரிசையாக நிற்க, அவற்றின்மேல் ஓடு வேய்ந்த சாய்ப்பு இறங்கியிருந்தது. ஒரு வீட்டுச் சாய்ப்பு முடிகிற இடத்தில் அடுத்த வீட்டுச் சாய்ப்பு தொடங்கியது. வழிப்போக்கனுக்கு வெயில் படாமல் வீடுகளே சேர்ந்து குடை பிடிப்பதுபோல் இருந்தது. இந்தத் தெருவோர நிழலைத்தான் இங்கே தாழ்வாரம் என்கிறார்கள்.

சில வீடுகள் தாண்டியதும் நிழல் அறுந்தது. அந்த இடத்தில் மூன்று மாடிக் கான்கிரீட் கட்டடம் ஒன்று நின்றது. கீழே இரும்பு ஷட்டர், மேலே ஏசி இயந்திரங்கள். தாழ்வாரமும் இல்லை, திண்ணையும் இல்லை. வெயில் சுளீரென்று தலையில் இறங்கியது. குடையை மறுபடி விரித்துக்கொண்டு அந்தக் கட்டடத்தைக் கடந்தேன். அதற்கடுத்த வீட்டின் தாழ்வாரம் பாதியில் வெட்டிய கைபோல் முடிந்திருந்தது. பக்கத்து வீடு இடிபட்டபோது தாங்குகட்டை இல்லாமல் அதன் ஓரமும் சரிந்திருக்கிறது.

பழைய வீடுகளைக் காப்பாற்றுவது பற்றி நான் படித்த அறிக்கைகள் சொல்லாத ஒன்றை அந்த இரண்டு நிமிட நடை சொல்லிவிட்டது. தமிழ்த் தெருவில் தனி வீடு என்று ஒன்று கிடையாது. பக்கத்துப் பக்கத்துச் சுவர் பொதுச்சுவர். நிழலும் பொது. ஒரு வீடு போனால் இரண்டு பக்கமும் வலிக்கும். காப்பாற்றுவதென்றால் தெருவாகத்தான் காப்பாற்றியாக வேண்டும். இந்தச் சின்ன நகரம் அந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்ள நிறைய வீடுகளை விலையாகக் கொடுத்திருக்கிறது.

புதுச்சேரி ஏற்கெனவே ஒருமுறை தன் வீடுகளை ஒட்டுமொத்தமாக இழந்த ஊர். 1761 ஜனவரியில் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து நகரத்தைப் பிடித்த ஆங்கிலேயர்கள் கோட்டையையும் மாளிகைகளையும் தரைமட்டமாக்கினார்கள். 1763ஆம் ஆண்டு பாரிஸ் உடன்படிக்கையால் ஊர் கைமாறி, 1765இல் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்தபோது அவர்களை வரவேற்றது கல்மேடும் செங்கல் குவியலும்தான். அதன்மேல் மீண்டும் கட்டினார்கள். கட்டியவர்கள் பழைய வீதிகளின் அமைப்பை மட்டும் மாற்றவில்லை. நேர்நேராகக் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் அந்த வீதிகளுக்கு, 1693 முதல் 1699 வரை ஊரைக் கையில் வைத்திருந்த டச்சுக்காரர்கள் போட்ட திட்டமே ஆதாரம். இன்று நாம் நடக்கும் தெருக்களின் வயது முந்நூறைத் தாண்டிவிட்டது. வீடுகளில் பெரும்பாலானவை அந்த மறுகட்டுமானத்துக்குப் பிறகு எழுந்தவை.

அந்த அழிவில் தப்பிய சில கட்டடங்களில் ஒன்று ரங்கப்பிள்ளை வீதியில் நிற்கிறது. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை. 1738இல் கட்டியது. பிள்ளை 1709இல் பிறந்து, ஊர் விழுந்த அதே 1761 ஜனவரியில் காலமானார். கால் நூற்றாண்டு அவர் எழுதிவந்த நாட்குறிப்பு இல்லாமல் பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியின் வாழ்க்கை நமக்குத் தெரிந்திருக்காது. பிரபஞ்சன் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்று இரண்டு நாவல்களை அந்த ஏடுகளிலிருந்துதான் உயிர்ப்பித்தார். அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் செதுக்கு வேலைப்பாடுள்ள மரத்தூண்கள். ஏறிப்போனால் மாடியில் சுண்ணாம்பு பூசிய உருண்டைத் தூண்கள். கீழே தமிழ், மேலே ஐரோப்பா. பிற்காலத்தில் இந்த ஊரில் நூற்றுக்கணக்கில் எழுந்த ஒரு வீட்டு வகைக்கு அது முன்னோடி போல நிற்கிறது.

அந்த வகை வீட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தெருவிலிருந்து இரண்டு படி ஏறினால் தாழ்வாரம். அதைத் தாண்டினால் திண்ணை. நாலு பேர் உட்காரலாம், வெளியூர்க்காரர் ஒருவர் இரவு படுத்து எழலாம். அதற்குப் பிறகுதான் செதுக்கிய தேக்குக் கதவு. கதவுக்கு உள்ளே வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றித் தூண்கள். மழை முற்றத்தில் விழும், காற்று முற்றத்தின் வழியாக மேலேறும். வாசலில் நின்றால் முற்றத்தைக் கடந்து கொல்லைப்புற வெளிச்சம் வரை ஒரே நேர்க்கோடாகத் தெரியும். இவ்வளவும் தமிழ் வீடு. மாடியை நிமிர்ந்து பார்த்தால் வேறு கதை: வளைவுச் சன்னல்கள், சாய்பலகை வைத்த மரக்கதவுகள், சுவரோடு ஒட்டிய அரைத்தூண்கள், உச்சியில் கைப்பிடிச் சுவர். கீழே உறவினரையும் வியாபாரியையும் உட்கார வைக்கத் திண்ணை. மேலே துரைமாரை உபசரிக்கக் கூடம். வாழ்ந்தவர்கள் இதைக் கலப்பு என்று நினைத்திருக்க மாட்டார்கள். வீடு அவர்களுக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

ஊரை இரண்டாகப் பிரிக்கும் வாய்க்காலுக்குக் கிழக்கே கடலோரம் போனால் வீட்டின் குணமே மாறிவிடும். அங்கே வீடு மதிலுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிறது. உயரமான மதில், வளைந்த பெரிய வாயிற்கதவு, உள்ளே தோட்டம், மதிலுக்கு மேல் எட்டிப்பார்க்கும் காகிதப்பூ. அந்தக் காலத்தில் அதை வெள்ளை நகரம் என்றும், வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் வாழ்ந்த பகுதியைக் கறுப்பு நகரம் என்றும் பிரித்துவைத்தார்கள். கறுப்பு நகரம் என்ற பெயர் போய்விட்டது, பார்வை போகவில்லை. சுற்றுலா வருகிறவர்கள் மஞ்சள் மதில் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, வாய்க்காலைத் தாண்டாமலே பஸ் ஏறிவிடுகிறார்கள். கிழக்குப் பக்கத்தில் அரசும் அரவிந்தர் ஆசிரமமும் பிரெஞ்சு நிறுவனங்களும் நிறையக் கட்டடங்களை வைத்திருக்கின்றன. அவற்றுக்குப் பராமரிக்க ஆள் உண்டு. மேற்கே இருப்பது குடும்பச் சொத்து. குடும்பத்துக்குள் எது நடந்தாலும் அது வீட்டின்மேல்தான் விடியும்.

1990களில் பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு தெருத்தெருவாக நடந்து கணக்கெடுத்தது. ஊரில் 1,800க்கும் மேற்பட்ட பாரம்பரியக் கட்டடங்கள் பட்டியலில் ஏறின. பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து மறுபடி எண்ணிப் பார்த்தபோது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் காணோம். ஆங்கிலேயனின் பீரங்கி இல்லாமலே நடந்த இடிப்பு இது. அதில் பெரும்பகுதி தமிழ்ப் பகுதியில்.

ஏன் இடித்தார்கள் என்று கேட்டால், வீட்டுக்காரர்களைப் பழிப்பது சுலபம். நான் அதைச் செய்யப்போவதில்லை. அப்பா கட்டிய வீட்டுக்கு நாலு பிள்ளைகள், நாலு பிள்ளைகளுக்குப் பதினொரு பேரப்பிள்ளைகள். ஒருவர் பாரிசில், ஒருவர் சென்னையில், ஒருவர் வீட்டிலேயே. முற்றத்தைப் பாகம் பிரிக்க முடியாது. ஓட்டை மாற்றச் செலவழிக்க யாரும் முன்வர மாட்டார்கள், ஏனென்றால் யார் பங்குக்கு மாற்றுவது என்று தெரியாது. இதற்குள் ஓர் உத்திரத்தில் கறையான் ஏறும். வாடகைக்குக் கேட்கிறவன் ‘பழைய வீடா?’ என்று திரும்பிப்போவான். ஒரு நாள் புரோக்கர் வருவார். பிறகு மனையின் விலை மட்டும் பேசப்படும். செதுக்கிய கதவையும் தூண்களையும் பழம்பொருள் வியாபாரி தனியாக எடுத்துப் போவார். வீடு இருக்கும்போது யாருக்கும் தேவைப்படாத தூணுக்கு, வீடு இல்லாமல் போனதும் விலை வந்துவிடுகிறது.

எங்கள் குடும்பத்திலும் இதே கதைதான். புதுச்சேரியில் இல்லை, வேறு ஒரு சின்ன ஊரில். தாத்தா வீட்டு முற்றத்தில் பித்தளை அண்டா ஒன்று நிற்கும். ஐப்பசி மழையில் கூரைத் தகரத்தின் வாய் வழியாக அதில் தண்ணீர் விழும் சத்தத்தில்தான் நான் தூங்கியிருக்கிறேன். வீட்டை விற்றபோது நான் கல்லூரியில் இருந்தேன். லீவில் போய்ப் பார்த்தேன். மனை காலியாக இருந்தது. முற்றத்துக் கருங்கல் ஒன்று மட்டும் யாரும் எடுக்காமல் கிடந்தது. யாரிடம் கோபித்துக்கொள்வது என்று தெரியவில்லை; கையெழுத்துப் போட்டவர்களில் என் அப்பாவும் ஒருவர்.

அதனால்தான் வைசியாள் வீதியில் நடந்தது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. கால்வே சுப்பராயச் செட்டியார் பெயரில் இன்று வழங்கும் அந்த வீதியை, 2000களின் தொடக்க ஆண்டுகளில் ஒரு முழுத் தெருவாகச் சீரமைக்க எடுத்துக்கொண்டார்கள். ஐரோப்பிய ஆணையத்தின் ‘ஆசியா அர்ப்ஸ்’ திட்டத்தின் கீழ் பணம் வந்தது. இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நவ்-சுர்-லோ ஆகிய இரண்டு சிறு நகரங்கள் புதுச்சேரியோடு கூட்டுச் சேர்ந்தன. களத்தில் வேலை பார்த்தது இன்டாக். யோசனை எளிமையானது: தெருவைப் பார்த்த முகப்பு ஊருக்குச் சொந்தம் போன்றது, ஆகவே முகப்பைச் சீர்செய்யும் செலவில் பாதியைத் திட்டம் தரும், மறுபாதியை வீட்டுக்காரர் போட வேண்டும். ஏறத்தாழ 20 வீடுகளின் முகப்புகள் இப்படி மீண்டன. இடிந்துபோன தாழ்வாரங்களைத் திரும்ப எழுப்பினார்கள். கான்கிரீட்டாக மாறிவிட்ட சில வீடுகளுக்குக்கூட முன்னால் ஓட்டுச் சாய்ப்பு வைத்து வரிசையோடு சேர்த்தார்கள்.

பாதிப் பணம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. முழுப் பணமும் வந்தால் அது அரசாங்க வேலை. வெள்ளையடித்துவிட்டுப் போய்விடுவார்கள், அடுத்த மழைக்கு யாரும் கூரையேறிப் பார்க்க மாட்டார்கள். சொந்தப் பணம் பாதி போட்டவர் தினமும் அண்ணாந்து பார்ப்பார். கொத்தனார் காரையைக் குறைத்தால் சண்டைக்குப் போவார். இதைவிடப் பெரிய பலன் ஒன்று உண்டு. பக்கத்து வீடு அழகாவதைப் பார்த்தவர், தானும் கேட்டு வந்தார். சட்டத்தின் பிடி பெரிதாக இல்லாத காலத்தில் அந்தப் பக்கத்து வீட்டுப் பார்வைதான் நோட்டீஸ் வேலை செய்தது. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதுகளில் வைசியாள் வீதிக்கும் ஒன்று கிடைத்தது. தனி மாளிகைக்கு இல்லாமல் ஒரு தெருவுக்கே கிடைத்த விருது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

நான் போன அன்றும் அந்த வீதியில் ஒரு வீட்டில் வேலை நடந்துகொண்டிருந்தது. முன்கட்டில் பிளாஸ்டிக் பீப்பாய்களில் சுண்ணாம்பு ஊறிக்கொண்டிருந்தது. அருகே போய் நின்றேன். மேலே தெளிந்த தண்ணீர், அடியில் வெண்ணெய் போல விழுது. கொத்தனார் ஒரு கரண்டி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். குளிர்ந்து, வழவழவென்று இருந்தது. கையை உடனே கழுவச் சொன்னார். எத்தனை நாள் ஊற வேண்டும் என்று கேட்டேன்.

“நாள் கணக்கெல்லாம் பத்தாது சார், எவ்வளவு ஊறுதோ அவ்வளவு நல்லது. கடுக்காய், வெல்லம் ஊறவெச்ச தண்ணிய அப்புறம் ஊத்துவோம். அவசரப்படுத்துனா மேல்பூச்சு வெடிச்சிரும்.”

சுவரின் ஒரு பகுதியில் முன்பு யாரோ சிமெண்ட் பூசியிருந்தார்கள். அதை அவர் உளியால் தட்டினார். தேங்காய் ஓடு மாதிரி மொத்தமாக உரிந்து வந்தது. உள்ளே செங்கல் ஈரமாக, மாவுபோல உதிர்ந்தது. கடலோர ஊர். தரையிலிருந்து சுவருக்குள் ஈரம் ஏறும், உப்பும் கூடவே ஏறும். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் அந்த ஈரம் மெல்ல வெளியே காய்ந்துபோகும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடுகிறது. உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிந்து அதை அரித்துத் தின்கிறது. பழைய வீட்டைப் பலப்படுத்துவதாக நினைத்து நாம் பூசிய சிமெண்ட்தான் எத்தனையோ சுவர்களுக்கு வினையாகியிருக்கிறது. கூரையும் அப்படித்தான். தேக்கு விட்டங்களின்மேல் சின்னச் செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்புக் கலவையால் இறுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லிக் காரையைத் தட்டித்தட்டிக் கெட்டியாக்கி, கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். மெட்ராஸ் டெரஸ் என்று பெயர். ஒழுகத் தொடங்கியதும் மேலே சிமெண்ட் தளம் போட்டால், அந்தக் கனத்தையும் சேர்த்துத் தாங்குவது கீழே ஏற்கெனவே நனைந்திருக்கும் விட்டம். தட்டோட்டின் விரிசலைச் சுண்ணாம்பால் அடைத்து, தண்ணீர் போகும் வாட்டத்தைச் சரிசெய்தாலே பல கூரைகள் பிழைத்துக்கொள்ளும்.

இந்த வேலை தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. சீரமைப்பு வேலைகள் தொடர்ந்து நடந்ததால்தான் ஊரில் சில கொத்தனார்களும் தச்சர்களும் இந்தப் பழக்கத்தை விடாமல் வைத்திருக்கிறார்கள். என்னிடம் பேசியவர் தன் மகனுக்குச் சுண்ணாம்பு வேலை சொல்லிக்கொடுத்திருப்பதாகச் சொன்னார். மகன் அப்போது சாரத்தின்மேல் நின்று, அரைத்தூணின் தலைப்பகுதியிலிருந்த இலை வேலைப்பாட்டை விரல் நுனியால் வழித்துக்கொண்டிருந்தான். கரண்டி போகாத இடத்துக்கு விரல்தான் போகும்.

2014 நவம்பர் 29 அன்று விழுந்த மேரி கட்டடத்தை இந்த ஊர் இன்னும் மறக்கவில்லை. கடற்கரைச் சாலையில் 1870களிலிருந்து நின்ற நகரமன்றம். பல தலைமுறை புதுச்சேரிக்காரர்களின் பிறப்பும் திருமணமும் பதிவான இடம். சீர்செய்ய வேண்டும் என்று பல ஆண்டுகள் பேசினார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே மழையில் நனைந்த கட்டடம் சரிந்தது. ஊரின் பெரிய கட்டடத்துக்கே இந்தக் கதி என்றால் நம் வீட்டுக்கு என்ன கதி என்ற பயம் தெருக்களுக்குள் வந்தது. குடிமக்கள் ஒன்றுசேர்ந்தார்கள், பாரம்பரியத்துக்கான மக்கள் அமைப்பு ஒன்று உருவானது. மறுஆண்டே, 2015இல், புதுச்சேரி பாரம்பரிய விழா தொடங்கியது. மேரி பழைய வடிவிலேயே சுமார் 15 கோடி ரூபாயில் புதிதாகக் கட்டப்பட்டு 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் முன்னால் நிற்கும்போது, நேரத்தில் கூரையேறிப் பார்த்திருந்தால் இத்தனை செலவில் எத்தனை தெருக்களை நிமிர்த்தியிருக்கலாம் என்ற கணக்கு மனதுக்குள் ஓடாமல் இல்லை.

கொண்டாடுவது என்று ஒன்று இருக்கிறதே, அதையும் இந்த ஊரில் பார்க்க வேண்டும். விழா நாட்களில் வீதிகளில் பாரம்பரிய நடை போகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தோடு திண்ணையில் உட்கார்ந்து எதிர்வீட்டுச் சன்னலைப் படம் வரைகிறார்கள். ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதி வாழ்ந்த வீடு நினைவில்லமாக நிற்கிறது. 1908இல் அடைக்கலம் தேடி வந்து 1918 வரை அவர் இருந்த ஊர் இது. பாஞ்சாலி சபதமும் குயில் பாட்டும் கண்ணன் பாட்டும் புதுச்சேரிக் காலத்து விளைச்சல். அந்த வீடும் நலிந்துபோய்ச் சீரமைக்கப்பட்டதுதான். நடுமுற்றத்தில் நின்று அண்ணாந்தால் சதுரமாக ஒரு துண்டு வானம். பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வீடு. குருவுக்கும் சீடருக்கும் ஒரே ஊரில், நடந்துபோகும் தூரத்தில் வீடு மிச்சமிருக்கிற பாக்கியம் தமிழில் வேறு யாருக்கு வாய்த்திருக்கிறது?

பல வீடுகள் இப்போது தங்கும் விடுதிகள். கிழக்கே ரோமன் ரோலன் வீதியில் கல்வித்துறை அலுவலகமாக இருந்த பழைய மாளிகை இந்த வழியைத் தொடங்கிவைத்தது. மேற்கேயும் தமிழ் வீடுகள் விடுதிகளாகியிருக்கின்றன. இதில் எனக்கு இரண்டு மனம். வீடு நிற்கிறது, விட்டம் காய்ந்திருக்கிறது, கொத்தனாருக்கு வேலை இருக்கிறது. இடிப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனாலும் விடுதியின் திண்ணையில் யாரும் உட்கார்ந்து கீரை ஆய்வதில்லை. வாசல் கோலம்கூடச் சம்பள ஆள் போடுவது. தெருவுக்குக் குடித்தனம் வேண்டும். விடுதிக்குக் கிடைக்கிற வங்கிக் கடனும் ஆலோசனையும், வீட்டிலேயே குடியிருந்து வீட்டைக் காக்கிறவருக்கு இன்னும் சுலபமாகக் கிடைக்க வேண்டும். சொத்து வரியில் ஒரு சலுகை, ஓடு மாற்ற ஒரு சிறு மானியம், பாகப்பிரிவினை வழக்கில் மாட்டிய வீட்டுக்கு மழைக்கு முன் தார்ப்பாயாவது போட ஓர் ஏற்பாடு. பெரிய கோரிக்கைகள் இல்லை இவை. தெருக்களில் விசாரித்தால் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள்.

திரும்பும்போது ஒரு தாழ்வாரத்தில் வயதான அம்மா ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் திறந்த கதவு வழியாக முற்றம் தெரிந்தது. கொடியில் வேட்டி காய்ந்தது. சும்மா நின்று பார்த்ததைக் கவனித்துவிட்டார்.

“என்னா தம்பி, வீடு பாக்க வந்தியா? வெயில்ல ஏன் நிக்கிற, மேல ஏறி ஒக்காரு.”

ஏறி உட்கார்ந்தேன். முகப்பு வேலை நடந்தபோது பாதிப் பணத்துக்காகத் தன் இரண்டு வளையலை அடகு வைத்ததாகச் சொன்னார். பிள்ளைகள் திட்டினார்களாம். “மீட்டாச்சு, மீட்டாச்சு” என்று கையைத் தூக்கிக் காட்டினார். பிறகு தாழ்வாரத்துத் தூண் ஒன்றைக் காட்டி, அது மட்டும் பழையது, மற்றது புதிதாகச் செய்து வைத்தது என்றார். பழைய தூணில் இடுப்பளவு உயரத்துக்கு ஓர் இடம் பளபளவென்று தேய்ந்திருந்தது. அவர் மாமியார் மாலையில் சாய்ந்து உட்காருகிற இடம் என்றார். வீட்டை விலைக்குக் கேட்டு இன்னமும் ஆள் வருகிறதா என்று கேட்டேன்.

“மாசத்துக்கு ஒருத்தன் வருவான். ஒக்காரச் சொல்லுவேன், தண்ணி குடுப்பேன். நெழலா இருக்குன்னு சொல்லிட்டுப் போவான்.”

உள்ளே குக்கர் சத்தம் போட்டது. அம்மா எழுந்து போனார். போகும்போது, மழைக்கு முன்னால் ஓடு மாற்ற ஆள் தெரிந்தால் சொல்லச் சொன்னார். நாலு ஓடு உடைந்திருக்கிறதாம். முனையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த கொத்தனாரைப் பற்றிச் சொன்னேன். பெயர் கேட்டு, சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியின் ஓரத்தில் எழுதிவைத்துக்கொண்டார்.